மேஜைக்கு எதிர்ப்பக்கம்

ஒரகடத்தில் நான் வேலை பார்த்த கம்பெனியில் சங்கம் கட்டிய புதிதில், லேபர் ஆபீசுக்குப் பேச்சுவார்த்தைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. எங்களில் பாதிப் பேர் அதைக் கோர்ட் என்றே நினைத்தார்கள். ஒருவர் கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்தார். இன்னொருவர், நம்மைக் கூண்டில் ஏற்றுவார்களா என்று பஸ்ஸிலேயே கேட்டார். நைட் ஷிப்ட் முடித்து, குளித்த கையோடு தூங்காமல் வந்தவர்கள் நாங்கள். வயது இருபத்தைந்தைத் தாண்டியவர் எங்கள் கூட்டத்தில் குறைவு.

போய்ப் பார்த்தால் சாதாரண அரசு அலுவலகம். இரும்பு பீரோக்கள், கயிறு கட்டிய கோப்புகள், ஒரு நீள மேஜை. ஒரு பக்கம் எங்களுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். எதிர்ப்பக்கம் காலியாக இருந்தது. எச்.ஆர். மேலாளர் தன் ஆலோசகரோடு வந்திருந்தார், ஆனால் உள்ளே வரவில்லை. ‘சங்கம் என்று எதுவும் எங்களுக்குத் தெரியாது, எங்கள் ஊழியர்களோடு நாங்கள் கம்பெனிக்குள்ளேயே பேசிக்கொள்வோம்’ என்று வராந்தாவில் நின்றபடி சொல்லிக்கொண்டிருந்தார். சமரச அதிகாரி அவரை அதட்டவில்லை. எங்கள் கோரிக்கைத் தாளை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். மத்தியானம் வரை அவர் நடந்துகொண்டே இருந்தார். அன்று ஒன்றும் முடியவில்லை. அடுத்த வாய்தாவுக்குத் தேதி போட்டார்கள்.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அவர் வடசென்னையில் ஒரு நூல் ஆலையில் ஸ்பின்னிங் பகுதியில் இருந்தவர். ஆலை மூடிய பிறகும் சங்க வழக்குக்காக ஆண்டுக்கணக்கில் அலைந்தவர். “அவரு ஜட்ஜ் இல்லடா, தீர்ப்பு சொல்ல மாட்டாரு. ரெண்டு பேரும் எழுந்து போய்டாம பாத்துக்கினாலே அன்னிக்கு அவரு வேலை முடிஞ்சிது” என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்: “எதிர்ல வந்து குந்துனாங்களா?” இல்லை என்றேன். “அப்ப இன்னும் ஆரம்பிக்கவே இல்ல.”

தொழில் சமரசம் பற்றி எனக்குப் பிற்பாடு தெரியவந்த எல்லாமே அந்தக் கேள்விக்குள் அடங்கியவைதான். 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின் 12ஆம் பிரிவு சமரச அதிகாரிக்குக் கொடுத்த அதிகாரம் மிகச் சிறியது. இரு தரப்பையும் கூப்பிடலாம், கோப்புகளைக் கேட்கலாம், யோசனை சொல்லலாம். உத்தரவு போட முடியாது. 14 நாளுக்குள் முடிக்கவேண்டும் என்பது அன்றைய சட்டம். மாதக்கணக்கில் இழுப்பது அன்றைய நடைமுறை. பேச்சு முறிந்தால் அவர் அரசுக்கு முறிவறிக்கை அனுப்புவார். எங்கள் ஆட்கள் அதை ‘ஃபெயிலியர்’ என்பார்கள். ‘ஃபெயிலியர் போட்டாச்சா?’ என்று கேன்டீனில் கேட்பார்கள். அந்தச் சட்டத்தின்படி, அதன் பிறகு வழக்கு தொழிலாளர் நீதிமன்றத்துக்கோ தீர்ப்பாயத்துக்கோ போகலாம். அங்கே போனால் இளைஞனாகப் போனவன் நரைத்துத்தான் திரும்புவான் என்று அப்பா சொல்வார். அவர் வாழ்க்கையே அதற்குச் சாட்சி.

ஆனால் பேச்சு கூடினால் கிடைப்பது பெரிது. நிர்வாகமும் தொழிலாளரும் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் 18(1) ஒப்பந்தம் கையெழுத்துப் போட்டவர்களை மட்டும்தான் கட்டியது. சமரச அதிகாரி முன்னிலையில் கையெழுத்தாகும் 12(3) ஒப்பந்தம் அந்த ஆலையின் எல்லாத் தொழிலாளரையும் கட்டியது, நாளைக்கு வேலைக்குச் சேரப்போகிறவன் உட்பட. பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது, தகராறில் இருக்கும் வேலை நிலைமைகளை நிர்வாகம் தன் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்று 33ஆம் பிரிவு தடுத்தது. இந்த எண்களை எங்கள் பையன்கள் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவன், பிளஸ் டூவோடு நின்றவன், எல்லோரும் ‘அண்ணா, நமக்குப் பன்னெண்டு மூணுதான் வேணும்’ என்பார்கள். சட்டம் படிக்காதவர்களுக்குச் சட்டம் புரியாது என்று நினைப்பவர்கள் ஒருமுறை எங்கள் கேட் மீட்டிங்கைக் கேட்டிருக்கவேண்டும்.

எங்கள் தகராறு பெரிய விஷயம்கூட இல்லை. மூன்று வருடம் டிரெய்னி என்ற பெயரிலேயே லைனில் ஓடியவர்களை நிரந்தரமாக்க வேண்டும் என்பது ஒன்று. கழிப்பறைக்குப் போக ஆள் மாற்றிவிட வேண்டும் என்பது இன்னொன்று. பல வாய்தாக்கள் கழிந்து ஒருநாள் அந்த மேலாளர் உள்ளே வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவரை உட்காரவைத்தது அதிகாரியின் பொறுமையா, அந்த வாரம் எங்கள் லைனில் ஓவர்டைமுக்கு ஒருவரும் நிற்காததா என்பதை நான் பிரித்துப் பார்ப்பதில்லை. இரண்டும் வேண்டியிருந்தது. அன்று இருட்டிய பிறகு ஒப்பந்தத்தின் பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போட்டோம். டிரெய்னிகள் தொகுதி தொகுதியாக நிரந்தரமானார்கள்.

இதை எழுதும்போது பெரம்பூரை விட்டுவிட்டுப் போக முடியாது. 1918 ஏப்ரல் 27 அன்று பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களை வைத்துச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும் முன்னெடுத்தார்கள், பி.பி.வாடியா தலைவரானார், திரு.வி.க. துணை நின்றார். அன்றும் ஆலை முதலாளிகளின் முதல் வாதம் ‘எங்கள் ஆட்களுக்காகப் பேச வெளியாள் யார்’ என்பதே. 1920இல் ஆலை நிர்வாகம் வாடியா மீது உயர்நீதிமன்றம் போய்த் தடையுத்தரவு வாங்கியது. தொழிலாளரை ஒன்றுசேரச் சொல்வதே ஒப்பந்தத்தை முறிக்கத் தூண்டும் குற்றம் என்ற நிலை வந்தது. அடுத்த ஆண்டு மூண்ட வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டு, புளியந்தோப்பில் சாதி மோதலாகத் திரிந்து, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போய், தோல்வியில் முடிந்தது. நடுவில் நிற்கவேண்டிய அரசு அங்கே நடுவில் நிற்கவில்லை.

அந்தத் தடையுத்தரவு நாடு முழுக்க அதிர்ச்சியைக் கிளப்பியது. 1921இல் என்.எம்.ஜோஷி மத்திய சட்டசபையில் சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்புக் கேட்டுத் தீர்மானம் கொண்டுவந்தார். அதன் தொடர்ச்சியாக வந்ததே 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம். பெரம்பூர் நெசவாலைத் தொழிலாளி பட்ட அடியில் பிறந்த சட்டம் அது. அந்தச் சட்டத்தின் கீழ் தங்கள் பெயரைப் பதிவுசெய்யத்தான் ஏறத்தாழ நூறு வருடம் கழித்துச் சுங்குவார்சத்திரத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பையன்கள் பந்தலில் உட்கார்ந்தார்கள்.

சாம்சங் ஆலையைச் சொல்கிறேன். 2007 முதல் அங்கே ஃபிரிட்ஜும் டிவியும் வாஷிங் மெஷினும் செய்கிறார்கள். சுமார் 1,800 பேர் வேலை பார்க்கும் இடம். 2024 நடுவில் சிஐடியு வழிகாட்டலில் சங்கம் அமைத்துப் பதிவுக்கு விண்ணப்பித்தார்கள். சங்கத்தின் பெயரில் ‘சாம்சங்’ என்ற சொல் இருக்கக்கூடாது, அது எங்கள் வணிகப் பெயர் என்று நிறுவனம் ஆட்சேபித்தது. செப்டம்பர் 9 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது.

நான் அந்தப் பந்தலுக்குப் போயிருக்கிறேன். எங்கள் பகுதியில் சங்கம் பார்த்த எல்லோரும் போனோம். கம்பெனி யூனிஃபார்மோடு, கழுத்தில் அடையாள அட்டையோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். செய்தித்தாள்களில் சம்பளக் கோரிக்கை பெரிதாக வந்துகொண்டிருந்தது. பந்தலில் பேசிப் பார்த்தால் சம்பளம் இரண்டாவதாகத்தான் வந்தது. “அண்ணா, நாங்க ஒரு ஆளா நின்னு பேசணும், அவ்ளோதான்” என்றான் செய்யாறு பக்கத்துப் பையன் ஒருவன். வீட்டில் குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. செல்போனில் படத்தைக் காட்டினான்.

செப்டம்பர் 16 அன்று காஞ்சிபுரம் ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போகக் கிளம்பியவர்களில் நூறு பேருக்கு மேற்பட்டவர்களைப் போலீஸ் பிடித்து வைத்தது. சமரச அதிகாரிகள் முன்னிலையில் சுற்றுச் சுற்றாகப் பேச்சு நடந்து முறிந்தது. பிறகு முதல்வர் மு.க.ஸ்டாலின் சொன்னதன் பேரில் தொழில்துறை அமைச்சர் டி.ஆர்.பி.ராஜா, தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி.கணேசன், சிறு குறு தொழில்துறை அமைச்சர் தா.மோ.அன்பரசன் மூவரும் இறங்கினார்கள். ஒரு ஆலைத் தகராறுக்கு மூன்று அமைச்சர்கள். இந்த வட்டாரத்தில் அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அரசுக்கு அக்கறை இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் அக்டோபர் 7 அன்று நடந்ததை என்னால் ஏற்கமுடியவில்லை. உடன்பாடு ஆகிவிட்டது என்று அறிவித்தார்கள். மார்ச் வரை மாதம் 5,000 ரூபாய் சிறப்பு ஊக்கத்தொகை, குளிர்சாதன வசதியுள்ள பஸ்கள், இன்னும் சில சலுகைகள். கெட்டவை என்று எதையும் சொல்ல மாட்டேன். கையெழுத்துப் போட்டவர்கள்தான் பிரச்சினை. அது தொழிலாளர்களில் ஒரு பிரிவினரின் குழுவோடு எட்டிய உடன்பாடு. வேலைநிறுத்தத்தை நடத்திய சங்கம் அதில் இல்லை. பந்தலில் இருந்தவர்கள் எழுந்து போகவில்லை. சண்டை போடாதவனோடு சமாதானம் பேசி என்ன பயன்? அடுத்த ஓரிரு நாளில் பந்தல் பிரிக்கப்பட்டது. சங்கத்தில் முன்னணியில் நின்றவர்கள் கைதானார்கள். வெட்டவெளியில் உட்கார்ந்து போராட்டம் தொடர்ந்தது.

அக்டோபர் 15 அன்று தலைமைச் செயலகத்தில் சங்கத்தோடும் பேசினார்கள். அன்றே முடிந்தது. 37 நாள் நடந்த வேலைநிறுத்தம் ஒரே நாள் பேச்சில் முடிவதற்கு மந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. போராடியவர்கள் மேல் பழிவாங்கல் இருக்காது, தொழிலாளர்கள் ஒத்துழைப்பார்கள், கோரிக்கைகளுக்கு நிர்வாகம் சமரச அதிகாரியிடம் எழுத்தில் பதில் தரும் என்று முடிவானது. 17ஆம் தேதி பையன்கள் வேலைக்குத் திரும்பினார்கள். இதே பேச்சு செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் நடந்திருந்தால் எத்தனை வீட்டில் ஒரு மாதச் சம்பளம் மிஞ்சியிருக்கும், கம்பெனிக்கு எவ்வளவு உற்பத்தி மிஞ்சியிருக்கும் என்று நான் இன்றும் கணக்குப் போடுகிறேன்.

பதிவு அத்தோடு கிடைத்துவிடவில்லை. உயர்நீதிமன்றம் கெடு வைத்த பிறகு, 2025 ஜனவரி கடைசியில்தான் சங்கம் பதிவானது. அதற்கடுத்த மாதமே நிர்வாகிகள் மூவர் சஸ்பெண்ட் ஆக, ஆலைக்குள் மீண்டும் உள்ளிருப்புப் போராட்டம் நடந்தது. மே மாதம் அமைச்சர் கணேசன் முன்னிலையில் ஊதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. மூன்று ஆண்டுகளில் 18,000 முதல் 23,000 ரூபாய் வரை உயர்வு. எதிரே உட்கார ஒரு சங்கம் வந்துவிட்டதால் இத்தனையும் ஒரு தாளுக்குள் அடங்கியது.

சங்கமே இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதை 2021 டிசம்பரில் பார்த்தோம். சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சானது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அவர்களுக்கு என்ன ஆனது என்று யாரும் சொல்லவில்லை. சிலர் இறந்துவிட்டார்கள் என்று வதந்தி கிளம்பியது. ராத்திரியோடு ராத்திரியாகப் பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். இருபது வயதுகூட நிரம்பாத பிள்ளைகள், பனியில், தார் ரோட்டில். மாவட்ட ஆட்சியரும் அமைச்சர்களும் பேச வந்தார்கள். யாரோடு பேசுவது? அத்தனை ஆயிரம் பேருக்காக ஒரு வார்த்தை சொல்லவும், கேட்டு வந்து அவர்களிடம் சொல்லவும், சொன்னால் அவர்கள் நம்பவும் ஒருவரும் இல்லை. வதந்தி பொய் என்பதை நிரூபிக்க, ஆஸ்பத்திரியில் இருந்த பெண்களை வீடியோ அழைப்பில் காட்ட வேண்டியிருந்தது. அந்தப் போராட்டம் வீண்போகவில்லை. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவில், 18,720 பேர் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. ஆனாலும் பிள்ளைகள் ரோட்டுக்கு வந்த பிறகுதான் சோற்றைப் பற்றிப் பேச முடிந்தது என்பது இந்த வட்டாரத்துக்கு வெட்கக்கேடு.

நெசவுப் பக்கம் இன்னொரு பாடம் இருக்கிறது. சோமனூர், பல்லடம் பகுதிகளில் கூலிக்கு நெய்யும் விசைத்தறிக்காரர்கள் 2025 மார்ச் 19 முதல் ஒரு மாதம் தறியை நிறுத்தினார்கள். ஏப்ரல் 20 வாக்கில் கோவையில் அமைச்சர்கள் முன்னிலையில் பேசி, சோமனூர் ரகத்துக்கு 15 சதவீதம், மற்ற பகுதி ரகங்களுக்கு 10 சதவீதம் என்று முடிவானது. பணத்தை விட அவர்கள் அழுத்திக் கேட்டது சட்டப் பாதுகாப்பு. முன்பும் அரசு முன்னிலையில்தான் கையெழுத்துப் போட்டார்கள், அந்தக் கூலி சில மாதத்தில் குறைக்கப்பட்டது என்பது அவர்கள் வேதனை. கூலிக்கு நெய்பவரைச் சட்டம் தொழிலாளியாகப் பார்ப்பதில்லை. ஆகவே அங்கே 12(3) போன்ற ஒப்பந்தம் இல்லை. ஆட்சியர் அலுவலகத்தில் கை குலுக்குவதோடு அரசின் வேலை முடிந்துவிட்டால், அடுத்த முறை தறி நிற்கத்தான் செய்யும்.

சமரசத்தில் முழு நம்பிக்கை வைத்த ஒரு மனிதர் இந்த மாகாணத்தில் தொழிலாளர் அமைச்சராக இருந்தார். வி.வி.கிரி. 1937இல் ராஜாஜி அமைச்சரவை. ரயில்வே சங்கத் தலைவராக இருந்து வந்தவர். அப்போது கோவை ஆலைகள் கொந்தளித்துக் கிடந்தன. விசாரணை மன்றம் வைத்தார்கள். பின்னாளில் மத்திய அமைச்சராக இருந்தபோதும், கட்டாயத் தீர்ப்பை விட இரு தரப்பும் உட்கார்ந்து பேசுவதே நிலைக்கும் என்றார். வங்கி ஊழியர் தீர்ப்பை அரசு மாற்றியபோது, 1954இல் பதவியையே விட்டார். அவர் சொன்னது சரி என்பது என் அனுபவம். ஆனால் இரண்டு தரப்பும் ஏறத்தாழ ஒரே உயர நாற்காலியில் உட்கார்ந்தால்தான் அது நடக்கும். சம்பளத்தை நம்பி வாழும் ஒருவனும், ஒரு மாத நட்டத்தைத் தாங்கும் ஒரு நிறுவனமும் வெறுமனே பேசிக்கொள்ளட்டும் என்று அரசு ஒதுங்கி நின்றால், அங்கே பேச்சு எங்கே நடக்கும்?

காண்ட்ராக்ட் பையன்களை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. எங்கள் ஒப்பந்தம் கையெழுத்தானபோது, அதே லைனில் எங்கள் தோளுக்குப் பக்கத்தில் நின்ற அவர்கள் பெயர் அதில் இல்லை. ஏஜென்சி வேறு, முதலாளி வேறு என்றார்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களும், கள்ளக்குறிச்சியிலிருந்து வந்தவர்களும் அதே போல்ட்டைத்தான் முடுக்கினார்கள். எந்த மேஜையிலும் அவர்களுக்கு நாற்காலி இல்லை. இந்த வட்டாரத்தில் இன்று மிகப் பெரிய தொழில் தகராறு அதுதான். யாரும் மனுப் போடாததால் கோப்பில் ஏறவில்லை, அவ்வளவே.

1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. 51 சதவீதத் தொழிலாளர் ஆதரவு பெற்ற சங்கத்தோடு நிர்வாகம் பேசியாக வேண்டும் என்கிறது. ஒரு சங்கத்தைப் பேச்சுக்கு ஏற்றே தீரவேண்டும் என்று எங்களுக்கு எந்தச் சட்டமும் சொல்லாத காலத்தில் சங்கம் நடத்தியவன் நான். இதன் அருமை எனக்குத் தெரியும். அதே கையில், எந்த ஆலையாக இருந்தாலும் 14 நாள் முன்னறிவிப்பு, சமரசம் நடக்கும்போதும் முடிந்து ஏழு நாளும் வேலைநிறுத்தம் கூடாது, பாதிப் பேர் ஒன்றாக லீவு போட்டாலும் வேலைநிறுத்தம்தான் என்றும் எழுதியிருக்கிறார்கள். சமரசம் தொடங்கிவிட்டால் தொழிலாளியின் கை கட்டப்படும். கட்டிய கையோடு அவன் எவ்வளவு நாள் வாய்தாவுக்கு அலையவேண்டும்?

ஆகவே தமிழ்நாடு அரசிடம் எனக்கு மூன்று வேண்டுகோள் உண்டு. சங்கப் பதிவு விண்ணப்பத்துக்குக் கறாரான கெடு வையுங்கள். அதற்காக எந்தப் பையனும் உயர்நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கக்கூடாது. பெரும்பான்மைச் சங்கம் எது என்பதை நிர்வாகம் காட்டும் பட்டியலை வைத்து முடிவு செய்யாமல் ரகசிய வாக்கெடுப்பு நடத்துங்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் சமரச அதிகாரிகளின் எண்ணிக்கையைக் கூட்டி, காண்ட்ராக்ட் தொழிலாளியின் மனுவையும் அதே மேஜையில் எடுக்கச் சொல்லுங்கள். அமைச்சர்கள் மூவர் வந்துதான் ஒரு ஆலைத் தகராறு தீரும் என்றால், இங்கே ஆலைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன.